காவலனைப் பழித்தல் தகுமோ?

மின்வழங்கியொன்று உயிர்பெறுவதும் உடனே அடங்குவதுமாக இடைவிடாது துடிக்கின்றது. அதன் கட்டுப்படுத்தி பழுதாயிற்று என முடிவுகட்டி, அதனைக் கழற்றி எறிந்து, புதியதொன்றைப் பொருத்துகின்றார் பழுதுபார்ப்பவர். புதியதும் அவ்வாறே துடிக்கின்றது. பொருளும் போயிற்று, பொழுதும் போயிற்று.

அத்துடிப்பு, பலவேளைகளில், கட்டுப்படுத்தி தன் கடமையைச் செவ்வனே ஆற்றுகின்றது என்பதற்கே சான்றாகும். வெளியீட்டிற் செல்லும் மின்னோட்டம் எல்லை கடந்ததும் அது வழங்கலை நிறுத்துகின்றது; சற்றுப் பொறுத்து மீண்டும் முயன்று பார்க்கின்றது. ஆதலால், அது கண்ட குற்றம் எங்குள்ளது என்பதே முதலில் ஆராயத்தக்கது.

மின்னோட்டத்தை அது அறியும் வழி எளிது. மின்செல்லும் பாதையில் மிகச் சிறிய தடையொன்று வைக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளுக்குமிடையே தோன்றும் அழுத்தத்தையே கட்டுப்படுத்தி அளக்கின்றது. அத்தடை 0.05 ஓம், எல்லை 0.25 வோல்ற்று எனின், 5 அம்பியரிற் காவல் விழித்துக்கொள்ளும்.

சோதனைக்கு முன் மின்னைத் துண்டித்தல் வேண்டும். துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்பறிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அது முற்றாக நீங்கியதை வோல்ற்றுமானியால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் தகும். அடுத்து, சுமையைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்த்தல் வேண்டும். துடிப்பு நின்றதாயின், குற்றம் சுமையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருத்தல் கூடும். நிற்கவில்லையாயின், மீண்டும் மின்னைத் துண்டித்து, வெளியீட்டு முனைகளை ஓம்மானியால் அளத்தல் வேண்டும். மானி ஏறக்குறையப் பூச்சியத்தைக் காட்டின், கொள்ளளவியோ இருவாயியோ குறுஞ்சுற்றாகியிருத்தல் கூடும்.

இயக்கத் தொடங்கும் கணத்தில் மாத்திரம் காவல் குறுக்கிடுமாயின், வெறுமையான பெருங் கொள்ளளவிகள் ஒருங்கே மின்னை உறிஞ்சுவது காரணமாகலாம். ஓட்டத்தை மெல்ல மெல்ல உயர்த்தும் தொடக்கச் சுற்றை அப்போது ஆராய்தல் நன்று.

சுமையும் நேர்மையானது, குறுஞ்சுற்றும் இல்லை. எனினும் நிறைசுமையில் வழங்கல் நிற்கின்றதாயின், காவலனின் கண்ணையே ஐயுறல் வேண்டும். அளக்குந் தடையின் பற்றாசு வெடித்து, அளவைப் பாதையில் 0.02 ஓம் கூடினாற் போதும். எல்லை 5 அம்பியரிலிருந்து ஏறக்குறைய 3.6 அம்பியராகத் தாழ்ந்துவிடும். சிறு வெடிப்பைச் சீர்செய்தால் நோய் தீரும்.

துடிப்பை அடக்கும் பொருட்டு அத்தடையைக் கம்பியாற் குறுக்கே இணைத்துவிடுவாரும் உளர். அது காவலனின் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். அடுத்த குறுஞ்சுற்றின்போது, எச்சரிக்கை ஒலிக்கவேண்டிய இடத்தில் நெருப்பே எழும்.