ஒளி அவிழ்க்கும் முடிச்சு

மதுரைச் சுங்குடிச் சேலையை அறியாத தமிழர் இலர். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வாழும் நேயர்கள் அங்கே பாந்தனி என்று வழங்கும் துணியையும் கண்டிருப்பர். இரண்டிற்கும் உபாயம் ஒன்றே. சாயம் படக்கூடாத இடங்களை நூலால் இறுகக் கட்டி முடிச்சிடுகின்றனர். பிறகு துணியைச் சாயத்தில் தோய்க்கின்றனர். உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், கட்டுண்ட இடம் மட்டும் சாயம் ஏறாத புள்ளியாக நிற்கிறது. சாயத் தொட்டியில் முடிச்சு நெகிழ்ந்துவிடக் கூடாது. அவிழ்க்கும்போது துணி கிழியவும் கூடாது. அத்தொழிலின் அருமை முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே அடங்கியிருக்கிறது.

கரிம ரசாயன அறிஞர்களுக்கும் இதே தொல்லை உண்டு. புரதங்களின் செங்கற்களாகிய அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்வோம். அவை ஒவ்வொன்றிற்கும் ஒரு முனையில் அமினோத் தொகுதியும் மறுமுனையில் அமிலத் தொகுதியும் உள்ளன. கிளைசீன், அலனீன் என்ற இரண்டையும் இந்த வரிசையில்தான் இணைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். இரண்டையும் சும்மா கலந்து இணையவிட்டால் கிளைசீனோடு கிளைசீன், அலனீனோடு அலனீன், முன்பின்னாக மாறிய இணைகள் இரண்டு, ஆக நால்வகை இணைகள் தோன்றிவிடும். ஆகவே, வினையில் சேரக்கூடாத முனையின்மேல் தற்காலிகமாக ஓர் அணுக்கூட்டத்தைக் கட்டிவைக்கின்றனர். இதற்குக் காப்புத் தொகுதி என்று பெயரிடலாம். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். 1932-ஆம் ஆண்டில் மாக்ஸ் பெர்க்மனும் லியோனிதாஸ் ஸெர்வாஸும் பென்சில் ஆக்ஸிகார்பனில் என்ற காப்புத் தொகுதியை வெளியிட்டதே இத்துறையின் பெருந்திருப்பம். அவர்கள் பணியாற்றியது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் என்பது வேடிக்கையான செய்தி. தோல் பதனிடுவோர்க்கென ஏற்பட்ட கூடத்தில் புரத ரசாயனத்தின் பூட்டும் சாவியும் பிறந்தன!

அன்று முதல் எத்தனையோ காப்புத் தொகுதிகள் வந்துவிட்டன. ஒன்றை அமிலம் அவிழ்க்கும். மற்றொன்றைக் காரம் அவிழ்க்கும். வேறொன்றிற்கு ஹைட்ரஜன் வாயுவும் பல்லேடியம் உலோகமும் வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் தாங்காத மென்மையான மூலக்கூறுகளை என் செய்வது? உயிருள்ள செல்லுக்குள் முடிச்சை அவிழ்க்க வேண்டுமாயின் அங்கே அமிலத்தை ஊற்ற இயலுமா? இந்த இடத்தில்தான் ஒளி துணைக்கு வருகிறது. ஒளியைப் பாய்ச்சுகையில் கலவையில் புதுப்பொருள் எதுவும் சேர்வதில்லை. வேண்டிய கணத்தில் விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம். வேண்டிய புள்ளியில் மட்டும் கதிரைக் குவிக்கலாம்.

இதன் வேர் இத்தாலியில் இருக்கிறது. பொலோனா நகரில் ஜியாகோமோ சியாமிசியன் என்பவர் கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் வைத்து ஆராய்ச்சி நடத்தியவர். 1901-ஆம் ஆண்டில் அவரும் பால் ஸில்பரும், ஆர்த்தோ நைட்ரோ பென்சால்டிஹைடு சூரிய ஒளியில் நைட்ரோஸோ பென்சாயிக் அமிலமாக மாறுவதை அறிவித்தனர். அரை நூற்றாண்டிற்கு மேல் இதனைக் காப்புத் தொகுதியோடு சேர்த்து எண்ணியவர் இலர். 1962-இல் பார்ல்டிராப், ஸ்கோஃபீல்டு என்ற இருவர், பெர்க்மனின் காப்புத் தொகுதியையே புற ஊதாக் கதிரால் நீக்கிக் கிளைசீனை மீட்கலாம் என்று காட்டினர். 1970-இல் பாட்கார்னிக், அமித், நோபல் பரிசு பெற்ற உட்வர்டு ஆகிய மூவரும் நைட்ரோ பென்சில் வகைத் தொகுதிகளைச் செம்மையாக வகுத்தளித்தனர். அவர்கள் 320 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களையே பயன்படுத்தினர். அதனினும் குறுகிய கதிர்கள் டிரிப்டோஃபேன் முதலிய மென்மையான அமினோ அமிலங்களைச் சிதைத்துவிடும். நீண்ட கதிர்களோ அவற்றைத் தீண்டாமல் முடிச்சின்மேல் மட்டும் வேலை செய்யும்.

முடிச்சு அவிழும் விதத்தைச் சற்று நின்று பார்ப்போம். பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் நைட்ரோத் தொகுதி, அதாவது ஒரு நைட்ரஜனும் இரு ஆக்ஸிஜன்களும், பொருந்தியுள்ளது. பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு கிளை நீள்கிறது. அக்கிளையின் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. காக்கப்பட வேண்டிய பொருளும் அதிலேயே கட்டுண்டிருக்கிறது. இருளில் இவை யாவும் அமைதியாக இருக்கும். ஏறத்தாழ 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளித்துகளை நைட்ரோத் தொகுதி விழுங்கியதும் அதன் ஆக்ஸிஜன் வெறிகொண்டதாகி, அண்டையிலுள்ள ஹைட்ரஜன் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. ஹைட்ரஜனை இழந்த கார்பன் வாளாவிருப்பதில்லை. நைட்ரோத் தொகுதியின் ஆக்ஸிஜன் ஒன்றைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இப்போது ஒரே கார்பன் இரண்டு ஆக்ஸிஜன்களைச் சுமந்து நிற்க, அந்நிலை நீடியாமல் பழைய பிணைப்பு அறுந்துவிடுகிறது. காக்கப்பட்ட பொருள் விடுதலை பெற, முடிச்சு நைட்ரோஸோ ஆல்டிஹைடாக ஒதுங்குகிறது. இவை அனைத்திற்கும் ஒளித்துகள் தூண்டுகோல் மட்டுமே. முதலடி வைத்தபின் எஞ்சிய அடிகளை மூலக்கூறு தானே நடந்து முடிக்கிறது.

ஒதுங்கிய அந்த எச்சம் நல்ல பிள்ளையன்று. விடுபட்ட அமினோத் தொகுதியைத் தேடிப் பிடித்து மீண்டும் வினைபுரியும் சுபாவம் அதற்கு உண்டு. கிளையின் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டினால் எச்சம் ஆல்டிஹைடாக இராமல், அவ்வளவு வேகமில்லாத கீட்டோனாகிறது. இத்தகைய பொருள்களோடு பழகுவோர் மஞ்சள் விளக்கின் கீழ் வேலை செய்து, குடுவைகளை அலுமினியத் தகட்டில் சுற்றி வைக்கின்றனர். சாளரத்து வெயில் படினும் முடிச்சு அவிழத் தொடங்கிவிடும் என்ற அச்சமே காரணம்.

இம்முறையின் பயன் பலதிறப்பட்டது. 1991-இல் ஸ்டீஃபன் ஃபோடரும் அவருடைய தோழர்களும் கண்ணாடித் தகட்டின்மேல் முகமூடி வைத்து, ஒளி விழுந்த கட்டங்களில் மட்டும் முடிச்சை அவிழ்த்து, அடுத்த அமினோ அமிலத்தை அங்கே சேர்த்தனர். முகமூடியை மாற்றி மாற்றிப் பத்தே படிகளில் 1,024 பெப்டைடுகளை அமைத்தனர். பின்னர் வந்த மரபணுத் தகடுகள் இவ்வழியிலேயே வளர்ந்தன. இதிலுள்ள இடர்ப்பாடு வெறும் கணக்கு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 95 வீதம் சரியாக முடிகிறது என்று கொண்டாலும், 25 படிகளுக்குப் பின் பிழையற்ற சங்கிலிகள் நூற்றுக்கு 28 மட்டுமே மிஞ்சும்.

எனினும் என் மனத்தைக் கவர்ந்த பயன் வேறு. உடலின் சக்திக்கு நாணயம்போல் விளங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். 1978-இல் காப்லான், ஃபார்புஷ், ஹாஃப்மன் ஆகியோர் அதன்மேல் ஒளி முடிச்சிட்டனர். கட்டுண்ட ஏ.டி.பி. உடலணுக்களுக்குப் பயன்படாத சரக்கு. ஒளி பாய்ந்ததும் உயிர் பெறுகிறது. இதனைக் கூண்டிலடைத்த ஏ.டி.பி. என்று வழங்குகின்றனர். இறந்த உடல் விறைப்பதற்குக் காரணம் தசையில் ஏ.டி.பி. தீர்ந்துபோவதே. 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவ்வாறு விறைத்த முயல் தசை நாரைக் கூண்டிலடைத்த ஏ.டி.பி.யில் ஊறவைத்து, ஒரே ஒரு லேசர் மின்னலைப் பாய்ச்சினர். விறைப்பு நெகிழ்ந்தது. கரைசல் தானாக நாருக்குள் ஊறிச் செல்லும் நேரத்தில் முன்பு மறைந்துபோன நுண்ணிய கால அளவுகளை இவ்வாறு முதன்முறையாகக் கண்ணெதிரே அளக்க முடிந்தது.

இனி, மருந்தையே இவ்வாறு கட்டி அனுப்பி, நோயுற்ற இடத்தில் மட்டும் ஒளியால் அவிழ்க்கலாகாதா? கேள்வி எளிது, தடை பெரிது. புற ஊதாக் கதிர் தோலுக்குள் ஆழச் செல்லாது. செல்லுமிடத்தில் கேடும் செய்யும். சிவப்பொளி ஆழச் செல்லும். விரலை விளக்கின்முன் பிடித்தால் செந்நிறம் ஒன்றே ஊடுருவி வருவதை எவரும் காணலாம். ஆனால் 700 நானோமீட்டர் சிவப்பொளியின் துகள், 350 நானோமீட்டர் துகளின் சக்தியில் சரிபாதியையே சுமக்கிறது. அச்சிறு சக்தியில் அவிழும் முடிச்சு வேண்டும். அது அறையின் வெளிச்சத்திற்கே அவிழ்ந்துவிடவும் கூடாது. இரண்டு துகள்களை ஒருங்கே விழுங்கவைப்பது ஒரு வழி. வேறு சாயங்களைத் தேடுவது மற்றொரு வழி. 2015-இல் பச்சை ஒளிக்கு அவிழும் போடிபி என்ற சாயத் தொகுதி வெளியாயிற்று. நம் நாட்டில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், புற்றுநோய் மருந்தைக் கட்டி வைத்து, அவிழ்வதைத் தன் ஒளிர்வாலேயே அறிவிக்கும் முடிச்சுகளை ஆராய்ந்து வருகின்றனர்.