ஆயா வேலை

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி அதிகம் மாற்றப்படவில்லை.)



'சமூக சேவைப் பணிகளில் ஒரு நாள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தச் சேவை என்கிற சொல் எனக்கு உறுத்துகிறது. வங்கியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் செய்வதை யாரும் சேவை என்று சொல்வதில்லை. அது வேலை. அதற்கு ஒப்பந்தம் உண்டு, பஞ்சப்படி உண்டு, ஸ்டிரைக் உண்டு. எங்க அம்மா புளியந்தோப்பில் ஒரு பால்வாடியில் 26 வருசம் ஆயாவாக இருந்தார். அது மட்டும் சேவை. எந்தச் சாதியின், எந்தப் பாலின் உழைப்புக்கு இந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்தால் இந்தச் சொல்லின் அரசியல் புரியும்.

எங்க தாத்தாவும் அப்பாவும் பின்னி மில் ஆட்கள். 1921 வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரமும், எரிந்த குடிசைகளும் உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். அதைத் திரும்பச் சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மில்லை 1996இல் மூடினார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அடுத்த வருசம் அம்மா பால்வாடிக்குப் போனார். எனக்கு அப்ப ஏழு வயசு.

2023இல் அம்மா ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவர் கூடவே போனேன். "இன்னாத்துக்குடா வர்ற, அங்க இன்னா சினிமாவா ஓடுது?" என்றார். கவிதை எழுதுகிறவன் என்கிற திமிரில், பார்த்து எழுதலாம் என்றுதான் போனேன். எழுத வரவில்லை. அதனால் பேசுகிறேன்.

காலை எட்டரைக்குள் பூட்டைத் திறக்கணும். முந்தின ராத்திரி மழை. புளியந்தோப்பில் மழை என்றால் என்னவென்று பட்டாளம், ஓட்டேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாசற்படி தாண்டி உள்ளே கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணி. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் வாரி வெளியே ஊற்றினார். பிறகு பினாயில். பிறகு அடிபம்பில் நாலு குடம் தண்ணி. நான் ஒரு குடம் தூக்கினேன், "இடுப்புல வெக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா" என்று பிடுங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தெருவில் இறங்கினார். பிள்ளைகள் தானாக வருவதில்லை, போய்ப் பொறுக்கிக்கொண்டு வரணும். ஆட்டுத்தொட்டிக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் விடியற்காலையில் போய்விடுகிற தாய்கள், பிள்ளையைப் பாட்டியிடமோ பக்கத்து வூட்டிலோ விட்டிருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த வூட்டில் இருக்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். எந்த வூட்டில் நேற்று அப்பன் குடித்துவிட்டு அடித்தான், எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, இதுவும் தெரியும். இதெல்லாம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. இடுப்பில் ஒன்று, கையில் ரெண்டு, பின்னால் ஐந்தாறு என்று திரும்பி வந்தார்.

டீச்சர் வந்தார். அவருக்கும் வேலை கொஞ்சமல்ல. எடை, உயரம், கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசி, வாக்காளர் பட்டியல், 2021க்குப் பிறகு எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றுகிற வேலை வேறு. சிக்னல் கிடைக்காமல் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா சத்துமாவு பிசைந்து உருட்டினார், சோறு வடித்தார், முட்டை உரித்தார். வாரத்தில் மூணு நாள் முட்டை. அன்றைக்கு முட்டை நாள் என்பதால் வருகை அதிகம். ஒரு பிள்ளை மஞ்சள் கருவை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமலே இருந்தது. வீட்டில் தம்பிக்காம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் கட்டடத்தில் தண்ணி வருகிற கக்கூஸ் இல்லை. அம்மாதான் கழுவினார், துணியை அலசினார், தரையைத் துடைத்தார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்திருப்பார் என்று அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் நல்ல மனுஷிதான், என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். ஆனால் அம்மா பிடித்து வைத்த குடத்திலிருந்து அவர் தண்ணி குடித்து நான் பார்க்கவில்லை. பாட்டில் கொண்டுவருவார். சாயங்காலம் கேட்டேன். "அவங்க உடம்புக்கு ஒத்துக்காதாம், வுடு" என்றார் அம்மா. 26 வருசமும் பாட்டிலா என்று நான் கேட்கவில்லை.

சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவு. அப்போது விதவைகள், ஆதரவற்ற பெண்கள் என்று தேடி வேலை கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அங்கேயே அது வேலை என்பதிலிருந்து உதவி என்பதாக மாறிவிட்டது. உதவி வாங்குகிறவள் கூலி கேட்க முடியுமா? சமையல், உதவியாளர் பணிகளில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரணும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள். நம் கை சோறு ஆக்கினால் தீட்டு, பீ கழுவினால் சேவை.

இதையெல்லாம் பேசுகிற நான் யோக்கியனா? வங்கியில் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயார் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்ப்பானோ என்ற பயம். அந்த ஆயா சம்பளத்தில்தான் பி.காம். முடித்தேன். இதை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நம்ம கூட்டங்களில்கூட ஆயாக்கள் டீ கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், மேடையேறி நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. அங்கன்வாடிப் பெண்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், 1972ஆம் வருசப் பணிக்கொடைச் சட்டம் பணியாளர், உதவியாளர் இருவருக்கும் பொருந்தும் என்றது. சட்டப்படி கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, மறுபடி பணி வருசத்தால் பெருக்கணும். அம்மாவுக்கு வருசமும் 26 என்பதால் ரெண்டும் அடிபட்டுப் போகும். கடைசிச் சம்பளம் 12,000 என்று வைத்தால் 1,80,000 ரூபாய். அம்மாவிடம் சொன்னேன். "அவ்ளோ குடுப்பாங்களா? எதுனா தப்பா போட்டுக்கினு இருக்கப் போற, சரியா பாரு" என்றார்.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற எட்டுப் பேர் தங்களுக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சிலரிடம் வேலைக்குச் சேர்ந்த உத்தரவே இல்லை, கரையான் தின்றது போக மிச்சம்தான். வருசத்தை நிரூபிக்க வேறு என்ன தாள் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கணும். மாணவத் தோழர்களில் சட்டம் படிக்கிறவர்கள் ரெண்டு பேர், கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர், கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்க வீட்டில் உட்காரலாம்.