யார் பார்ப்பதற்காக ஆராதனை?



ஆலயத்தில் பாட எழுந்து நிற்பவரின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழக்கூடும். “இது ஆண்டவருக்குப் பிரியமா?” என்பது ஒன்று. “சபையாருக்கு என் குரல் பிடித்ததா?” என்பது மற்றொன்று. எந்தக் கேள்வி முந்துகிறது என்பதில்தான் ஆராதனையின் தரம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் இரண்டு அரசர்கள் இதற்குச் சாட்சி.

முதலாமவர் சவுல். அமலேக்கியரிடமிருந்து எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அவருக்குக் கிடைத்த கட்டளை. ஆனால், கொழுத்த ஆடுமாடுகள் தப்பின. “பலியிடுவதற்காக” என்று சாக்குச் சொன்னார். சாமுவேல் தீர்க்கதரிசி கண்டித்தபோது, மக்களுக்குப் பயந்ததை ஒப்புக்கொண்டார். அப்போதும் அவர் கேட்டது, மூப்பர்களுக்கும் மக்களுக்கும் முன்பாகத் தம்மைக் கனப்படுத்த வேண்டும் என்பதே (1 சாமுவேல் 15). தொழுகை நடந்தது, ஆட்சியோ கைநழுவியது.

அடுத்தவர் தாவீது. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்த நாளில், சணல்நூல் ஏபோத்தை அணிந்து முழுப் பலத்தோடு நடனமாடினார். சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாள் ஏளனம் செய்தார். ஆண்டவருக்கு முன்பாகவே ஆடியதாகவும், இன்னும் தாழ்ந்துபோகத் தயார் என்றும் தாவீது பதில் சொன்னார் (2 சாமுவேல் 6).

இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக், 1723 முதல் 1750இல் இறக்கும்வரை ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆலயங்களில் இசைப் பொறுப்பில் இருந்தார். நகர மன்றம் முதலில் விரும்பியது அவரை அல்ல, டெலிமான் என்ற இசைஞரை. ஆனாலும், பாக் தம் ஆலய இசைப்படிகள் பலவற்றின் முடிவில் “எஸ்.டி.ஜி.” என்று எழுதினார். ‘இறைவனுக்கு மட்டுமே மகிமை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

அதற்காக, ஒத்திகை இல்லாமல் பாடுவதே பக்தி என்றாகிவிடாது. ஆண்டவருக்குத் தருவது என்பதாலேயே அது செம்மையாக இருக்க வேண்டும். சோதனை வேறிடத்தில் இருக்கிறது. ஒலிவாங்கி இன்னொருவர் கைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையில், கடைசி வரிசையில் நின்றும் அதே உள்ளத்தோடு பாட முடிகிறதா? முடிந்தால், அந்தப் பாட்டு ஆண்டவருக்குரியது. முகம் வாடினால், இதுவரை பாடியது யாருக்காக என்பது தெரிந்துவிடும்.

மனிதர் காண ஜெபிப்பவர்கள் தங்கள் பலனைப் பெற்றுத் தீர்த்துவிட்டார்கள் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு தந்த எச்சரிக்கை. கைதட்டலைக் கூலியாக வாங்கியவருக்கு வேறு பாக்கி இல்லை. அந்தரங்கத்தில் பார்க்கும் பிதாவோ, எவரும் கவனிக்காத பாட்டையும் கேட்கிறார்.