கருவி கைமாறிய கதை

இனிப்பு நீரோடு நெடுங்காலம் வாழ்ந்து அதைப் பற்றி எங்களினும் அதிகமாக அறிந்திருந்தும் இந்த மண்டபத்தின் பின்வரிசைகளில் அடக்கமாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே,

இரத்தச் சர்க்கரையை அளக்கும் உபகரணங்களையும் இன்சுலினைச் செலுத்தும் சாதனங்களையும் ஆராய்வதற்கென்று கூடும் ஒரு கருத்தரங்கை, கோலாலம்பூரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் கூட்டாமல், ஈப்போவின் ஓரத்தில், ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவும் வாழும் இந்தச் சிலிபினில் கூட்ட வேண்டுமென்று தீர்மானித்தவர்களின் விவேகத்தை முதற்கண் பாராட்டுகிறேன். தலைமையுரை என்பது பின்னால் வரவிருக்கும் கட்டுரைகளின் சாரத்தையெல்லாம் முன்கூட்டியே பிழிந்துவிட்டு, அவற்றைப் படிக்க வந்தவர்களுக்குச் சக்கையை மட்டும் மிச்சம் வைக்கும் சடங்காகப் பலவிடங்களில் ஆகிவிட்டதாகையால், நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கிறேன். இனிப்பு நீர் என்று வழங்கும் நீரிழிவு வியாதியின் சரித்திரத்தில் தோன்றிய நூதனக் கருவிகளுள் எவை சாமானிய ஜனங்களுக்கு மெய்யாகவே உபகாரம் செய்தன என்று பார்த்தால், வைத்தியரிடம் மட்டுமே இருந்த ஒரு நிர்ணயத்தை நோயாளியின் கைக்கு மாற்றிக் கொடுத்தவையே அவை என்பது என் அபிப்பிராயம்.

1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டதும், அதை உண்டாக்கிய பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்ததும் நீங்கள் யாவரும் அறிந்த கதையே. அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு கதை இருக்கிறது. ஜப்பான்காரர் காலத்தில் நம் பெற்றோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த ஜப்பான்காரரின் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்த ஷாங்ஹாய் நகரத்தில் ஈவா சாக்ஸல் என்னும் நீரிழிவுள்ள அகதிப் பெண்மணி, கடைகளில் இன்சுலின் அற்றுப்போன நிலையில், தம் கணவர் விக்டரோடு சேர்ந்து ஒரு மருத்துவப் பாடநூலைத் துணையாகக் கொண்டு, எருமைகளின் கணையத்திலிருந்து இன்சுலினைத் தாமே வடித்தெடுத்து, முயல்களுக்குப் போட்டுப் பரீட்சித்து, பிறகு தம் உடலிலேயே செலுத்திப் பார்த்து, அந்நகரத்து நோயாளிகள் இருநூறு பேருக்கு மேல் பிழைத்திருக்க வழி செய்தார். ஒரு நோயாளி தன் சிகிச்சையைத் தானே கையிலெடுத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

ஆயினும், மருந்து கிடைத்துவிட்டது என்பதனால் அது எவ்வளவு வேண்டும், எந்த வேளைக்கு வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. நெடுங்காலம் அந்த விடையைச் சிறுநீரிலேயே தேடினார்கள். ஸ்டான்லி பெனடிக்ட் வகுத்த செப்புக் கரைசலில் சில துளிச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல் நிறமாகும். பார்ப்பதற்கு அழகான பரீட்சைதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோல் என்னும் வரம்பைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதை வெளியே விடுகிறதாகையால், அக்குழாயில் தெரிந்த நிறம் சில மணி நேரத்துக்கு முந்திய சமாசாரம். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து நோயாளி மயங்கி விழப்போகிறார் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. 1956இல் ஹெலன் ஃப்ரீயும் அவர் கணவர் ஆல்ஃபிரட் ஃப்ரீயும், சிறுநீரில் தோய்த்தெடுத்தால் நிறம் மாறும் பட்டையை உண்டாக்கி, கொதிக்க வைக்கும் வேலையை ஒழித்தார்கள். 1960களின் மத்தியில், ஒரு துளி இரத்தத்தை வைத்துக் கழுவி நிறம் பார்க்கும் பட்டையும், 1970ஐ ஒட்டி அந்நிறத்தை ஒளியினால் அளந்து காட்டும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள கருவியும் வந்தன.

இந்தக் கருவியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இது மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்குமென்று செய்யப்பட்டது, நோயாளிக்கு விற்கப்படவில்லை. 12 வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க எஞ்சினியர், தம் மனைவி மருத்துவராக இருந்த பாக்கியத்தினால் அவர் பெயரில் அதை வாங்கி, நாளொன்றுக்குப் பல தடவை தம் இரத்தத்தைத் தாமே சோதித்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று ஒரு யந்திரத்தைக் கணக்கிடுவது போலக் கணக்கிட்டு எழுதிவைத்தார். அதைக் கட்டுரையாக்கி அனுப்பியபோது மருத்துவப் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. அவரோ நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெற்று வந்து, தம் பேச்சைக் கேட்கச் செய்தார். நோயாளி தன் அளவைத் தானே அறிவதை வைத்திய உலகம் எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

இப்போது நமக்கு நேரே வருகிறேன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நிர்ணயம் என்பது எப்போதும் வேறொருவருடைய சொத்தாகவே இருந்தது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதா, எந்த நிரையில் பால் வெட்டுவது, எவ்வளவு கூலி என்பதையெல்லாம் துரையும் கிராணியும் கங்காணியும் தீர்மானித்தார்கள். காய்ச்சலா, சோம்பலா என்பதைக்கூட தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரஸர்தான் தீர்மானித்தார். அந்த டிரஸர்களிலே தர்மவான்கள் பலர் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் உடம்பின் நிலையைத் தானே அளந்து, அதற்கேற்பத் தானே ஒரு முடிவு செய்யும் பழக்கம் அந்த ஏற்பாட்டில் வேரூன்றுவதற்கு இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனை வந்து, வீடமைப்புத் திட்டங்கள் வந்து, லயங்கள் இடிந்து, ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தபோது, பட்டணத்து உணவும் நாற்காலி உத்தியோகமும் உடன் வந்தன; பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்று கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரே முன்னணியில் நிற்கிறார்கள். இது நாம் பெருமைப்படக்கூடிய முன்னணி அன்று.

காலையிலும் மாலையிலும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு, உரிய வேளையில் பசியாறி, உரிய வேளையில் இரவுணவு உண்டு, இரவிலே உறங்கும் மனிதரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதுக்கு மேல் தொழிற்சாலை வாசலில் இரவு ஜாகா வேலை பார்க்கும் நம் பெரியவர் எந்த வேளைக்கு எந்த ஊசியைப் போடுவது? தைப்பூசத்துக்கு விரதமிருந்து, புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் சன்னிதி வரை வெயிலிலே காவடி சுமந்து நடக்கும் பக்தர், அன்றைக்கு எத்தனை யூனிட் குறைப்பது? இக்கேள்விகளை மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட்டு, ஊசியையே விட்டுவிடுவோர் பலர். அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தாளுநர்கள் நடத்தும் நீரிழிவு ஆலோசனைக் கிளினிக்குகளில் இவற்றைப் பேச இடமுண்டு. அந்தச் சேவையை நம் ஜனங்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் உணர்வி இங்கேதான் பிரயோஜனப்படுகிறது. 1962இல் லேலண்ட் கிளார்க் வெளியிட்ட யோசனையின் வழிவந்த சாதனம் அது: குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியை ஒரு மின்வாயில் பொருத்தினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப மின்சாரம் எழும். தோலின் கீழ் மயிரிழை போன்ற கம்பியைப் பதித்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவைக் காட்டுகிறார்கள். விரல் நுனியைக் குத்தாமல் இரு வாரம் ஓடும் வகை 2014இல் ஐரோப்பாவில் அறிமுகமானது. அது அளப்பது இரத்தத்தை அன்று, திசுக்களிடையே உள்ள நீரை. ஆகவே சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது பத்து நிமிடம் போலப் பின்தங்கியே வரும். அந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து அழுத்தினால், இல்லாத தாழ்வைக் காட்டி வீட்டாரை எழுப்பிவிடும். இந்தக் குணங்களைச் சொல்லிக் கொடுக்காமல் கருவியை மட்டும் ஒட்டி அனுப்புவது, பொருளை விற்பதே தவிர வைத்தியம் ஆகாது.

செலுத்தும் சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் பிற்பகல் அமர்வு முழுவதும் அதற்கே உரியது. கொதிநீரில் போட்டு எடுத்த கண்ணாடி ஊசிக்குழாய் போய், 1985இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் கொண்டுவந்த பேனா வந்தது; அது எழுதுகோல் போலச் சட்டைப் பையில் இருந்ததனால், பொது இடத்தில் மறைவு தேடும் சங்கடம் குறைந்தது. 1960களில் ஆர்னல்ட் காடிஷ் செய்த பம்பு முதுகில் சுமக்கும் மூட்டை அளவு. 1978இல் லண்டனில் ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலியோர் தோலடியில் ஓயாது இன்சுலின் செலுத்தும் சிறு பம்பைக் காட்டினார்கள். 2016இல், உணர்வி சொல்வதைக் கேட்டு அடிப்படை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் கடைசிக் கட்டத்தில் நிர்ணயத்தின் ஒரு பகுதி நோயாளியின் கையிலிருந்து யந்திரத்துக்குப் போகிறது. உறங்கும் குழந்தையின் தாய்க்கு அது பேருதவி. அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அது, யந்திரம் நின்றுபோன இரவில் என்ன செய்வதென்று அறியாத நோயாளியை உண்டாக்குமானால், மறுபடியும் ஒரு டிரஸரையே, மின்சார டிரஸரை, நாம் நியமித்துக்கொண்டவர்கள் ஆவோம்.

புதுச் சாதனம் இல்லாமலும் நிர்ணயத்தை ஜனங்களின் கையில் சேர்க்க முடியுமா என்று பார்க்கச் சென்னையை நோக்குவோம். 1948இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது முதல், அந்நகரம் இத்துறையில் முன்னோடியாக இருந்து வருகிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களுள் பாதிப்பேருக்குக் கைத்தொலைபேசியில் உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டாண்டு அனுப்பிவந்ததில், அவர்களுள் 18 விழுக்காட்டினரே நீரிழிவுக்கு ஆளானார்கள் என்றும், செய்தி பெறாதவர்களுள் அது 27 விழுக்காடு என்றும் 2013இல் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை; எல்லார் சட்டைப் பையிலும் ஏற்கெனவே கிடந்த ஒன்று போதுமானதாயிற்று. குளிர்ப்பெட்டியில்லாத வீடுகளில் இன்சுலினை ஈரமான மண்பானையில் வைத்துக் காப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய வழி. 25 முதல் 37 டிகிரி வரை மாறிமாறி வரும் வெப்பத்தில் நான்கு வாரம் இன்சுலின் வீரியம் குன்றவில்லை என்று 2021இல் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. பாட்டிமார்கள் சிரித்திருப்பார்கள்.

கட்டுரை வாசிப்போருக்குச் சில வேண்டுகோள்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் இன்சுலின் கிடைக்கும் நாடு இது. ஆனால் உணர்விக்கோ மாதந்தோறும் பல நூறு ரிங்கிட் நோயாளியே செலவழிக்க வேண்டும். ஆகவே எந்தச் சாதனத்தைப் புகழ்ந்து பேசினாலும், அதன் மாதச் செலவை ரிங்கிட்டில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்காதீர்கள். சென்னையில் மில்லிகிராம் கணக்கில் 140 என்பது ஈப்போவில் மில்லிமோல் கணக்கில் 7.8 ஆகையால், ஊருக்குப் போன உறவினர் அன்போடு வாங்கிவந்த மானியில் மூன்று இலக்கத்தைக் கண்டு கலங்கும் வீடுகள் இங்கே உண்டு; எண்களை இரு அளவிலும் சொல்லுங்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற மூதாட்டிக்குப் பேரன் படித்துக் காட்ட வேண்டியிராத தமிழ் வழிகாட்டி ஒன்று, கேட்கும் வடிவிலும் பார்க்கும் வடிவிலும், இந்த இரண்டு நாளில் ஒரு வரைவாவது பெற்றாக வேண்டும். அதற்காகவே தமிழாசிரியர்களை அழைத்திருக்கிறோம்.

முதல் அமர்வில் நிபுணர்களுக்கு முன்னதாக, உணர்வியும் பம்பும் அணிந்திருக்கும் நால்வர் பேசுவதாக நிகழ்ச்சிநிரலில் கண்டிருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் அவர்கள் முன்னே வர வேண்டுகிறேன். கருத்தரங்கு தொடங்குகிறது.