முதல் 15 நிமிடம்



இரத்தம் ஏற்றும்போது வரும் ரியாக்‌ஷன் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டைனர் 1901-லேயே கண்டு சொல்லிவிட்டார். இருந்தும் ஒருவருக்கு வந்த பை இன்னொருவர் கட்டிலுக்குப் போய்விடுகிற ஆபத்து இன்றும் இருக்கிறது.

எங்க ஊர் செல்லிப்பட்டு, சங்கராபரணி ஆற்றங்கரை. எங்க பக்கத்துப் பெண்கள் வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது அதிசயமில்லை. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் "ஆமாம்மா" என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பேரை வயதானவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். எங்க அத்தை காலண்டர் முருகனைக் காட்டுவார்! ஆகவே ஆஸ்பத்திரி எண், பிரிவு, பை எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் கட்டிலருகே நின்று இரண்டு பேராகச் சரிபாருங்கள்.

முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே இருங்கள். நம் ஜனங்கள் புத்தகத்தில் உள்ளபடி அறிகுறி சொல்லமாட்டார்கள். "குளுருதும்மா", "இடுப்பு கடுக்குது", "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். படுத்தே கிடப்பதால் என்று சமாதானம் சொல்லி நகராதீர்கள். பிரிவு மாறிய இரத்தத்தில் சிவப்பணு உடைவது அந்தக் கடுப்பாகவே முதலில் தெரியலாம். சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். மயக்கத்தில் இருப்பவர் அதையும் சொல்லமாட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் இறங்குவதும் சிறுநீர் சிவப்பதும்தான் பேச்சு.

சந்தேகம் வந்தால் முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசியைப் பிடுங்க வேண்டாம், அந்த வழி தேவைப்படும். புது செட்டில் நார்மல் சலைன் போட்டுப் பேரையும் எண்ணையும் மறுபடி பாருங்கள். மீதிப் பையையும் பழைய செட்டையும் குப்பையில் போடாமல், புதிதாக எடுத்த இரத்த மாதிரியோடு இரத்த வங்கிக்கு அனுப்புங்கள். சோகை பிடித்த முதியவர் மூச்சுத் திணறினால் நீர் மிகுந்திருக்கலாம்; நிமிர்த்தி உட்கார வையுங்கள், சலைனையும் ஓடவிடாதீர்கள்.

எழுதினால் திட்டு விழுமே என்று இளையவர்கள் பயப்படுகிறீர்கள். இத்தகைய ரியாக்‌ஷன்களைச் சேகரித்துக் காரணம் அறியவே 2012-ல் நம் நாட்டில் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கியது. நேரத்தோடு எழுதுங்கள்.

காலிப் பையும் செட்டும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடிக்குமுன் முதலாண்டு மாணவியர் இரண்டு பேர் மேடைக்கு வாங்க, செய்து பார்ப்போம்.