மருந்துக்குப் பின் வரும் மறதி

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாடகம் காண வந்தவர்களிடம் நோயைப் பற்றிப் பேசலாமா என்று செயலாளர் தயங்கினார். மும்பை பரேலில் 1941-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வருவோர் நம் இல்லங்களில் தங்குவது வழக்கமாகிவிட்ட பின், தயங்க என்ன இருக்கிறது?

நான் மருத்துவன் அல்லேன். ரயில்வே முன்பதிவுச் சாளரத்தில் அமரும் குமாஸ்தா. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. சலுகைப் படிவத்தைச் சரியாக நீட்டுவோரில் சிலர், பயண நாளைக் கேட்டதும் திகைத்து நிற்பர். உடன் வந்த மகன், "எத்தனை முறை சொன்னேன்!" என்று கடிந்துகொள்வான். அந்தக் கடுஞ்சொல்லைப் பற்றியே பேச வந்தேன்.

இம்மறதி பொய்யன்று. கீமோ சிகிச்சை பெற்றோர் பலருக்கு நினைவு தளர்கிறது. நாவின் நுனியில் நிற்கும் சொல் வெளிவர மறுக்கிறது. அடுப்பையும் கணக்கையும் ஒருசேரக் கவனிக்க இயலாது போகிறது. 'கீமோ பிரெயின்' என்பது இதற்கு வழங்கும் பெயர். நெடுங்காலம் இதை மனச்சோர்வு என்றே மருத்துவர் பலர் தள்ளிவந்தனர். 1990-களில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களை முறையாகச் சோதித்த பிறகே, அவர்கள் கூறியதில் உண்மை உண்டென்பது நிலைபெறலாயிற்று. மருந்து மட்டுமே காரணமன்று. உடலில் எழும் அழற்சி, இரத்தசோகை, உறக்கமின்மை, கவலை யாவும் கூடுகின்றன. சிலருக்கு மருந்து ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது.

சிகிச்சை முடிந்து மாதங்கள் செல்லச் செல்லப் பலருக்குத் தெளிவு திரும்புகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இரத்தசோகையும் உறக்கமின்மையும் தீர்க்கக்கூடியவை. ஆதலால் மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. திடீர்க் குழப்பமும் காய்ச்சலும் கடுந்தலைவலியும் வந்தால் அது வேறு. அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாடம் நடத்திய அம்மையார் ஒருவர், சிகிச்சைக்குப் பின் ஒரு நாள், 'கரும்பலகை' என்னும் சொல் வராமல் நின்றார். பிள்ளைகள் சிரித்தனர், பெற்றோர் சிலரும் சிரித்தனர் என்பதே கொடுமை. அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன். காலை நடையும் ஒரு குறிப்பேடும் இப்போது அவருக்குத் துணை. வருகைப் பதிவேட்டையும் கட்டணக் கணக்கையும் பிறர் ஏற்றுக்கொண்டால், அரைமணி நேரம் பாடம் சொல்ல வருவதாகக் கூறியிருக்கிறார். கணக்கை நான் எழுதுகிறேன். பதிவேட்டுக்கு ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர் இன்றே பெயர் கொடுக்கலாம்.