குடியிருக்கும் மண்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

     

கல்விச் சங்கத்தின் விழாவில் வீட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் முதலில் நனைவது பிள்ளையின் புத்தகப் பைதான். ஆகவே இதனையும் கல்வியைப் பற்றிய பேச்சாகவே கொள்ள வேண்டுகிறேன்.

வீடு என்றவுடன் செங்கல்லும் சிமெண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றிற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. அந்த வீடு நிற்கும் மண் யாருடையது? கிராமங்களில் நம் மக்களின் வீட்டுப் பிரச்சினைக்கு ஆணிவேர் இந்தக் கேள்வியே ஆகும்.

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தோடு மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதும் அந்த அறிக்கையில் பேசப்பட்டதுதான். தஞ்சைப் பகுதியின் நிலை இன்னும் கொடியது. பண்ணையாளின் குடிசை பண்ணையாரின் மண்ணில் நின்றது. கூலியை உயர்த்திக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பதே மறுமொழியாக வரும். ஒருவனைக் கட்டிப்போட வேறு விலங்கு தேவையில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்து சாம்பலானதும் ஒரு குடிசைக்குள்ளேதான். அங்கே எழுந்த கோரிக்கை கூலியைப் பற்றியது. அந்த மக்கள் வாழ்ந்த வாழ்வோ மண்ணுரிமை அற்ற வாழ்வு.

குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்று 1961-இல் ஒரு சட்டம் வந்தது. காப்பு வேறு, உடைமை வேறு. 1971-இல் வந்த குடியிருப்பு உடைமைச் சட்டம்தான், பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தின்படி, குடிகிடப்புக்காரர் கிராமப் பகுதியில் 10 செண்ட் வரை பெறலாம் என்றாயிற்று. நமக்கு அரசு பெரும்பாலும் அளந்து தந்ததோ 3 செண்ட். அதாவது ஏறத்தாழ 1,306 சதுர அடி.

பின்னர் 1978-இல் 31-ஆம் எண் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுப்பதை எளிதாக்கிய சட்டம் அது. அதன் தலைப்பில் 'அரிசன' என்ற சொல் இருக்கிறது. நாம் விரும்பாத பெயரில் நமக்கு வந்து சேர்ந்த உரிமை! நிலவுடைமையாளர்கள் அதனை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார்கள். இழப்பீட்டைத் தவணையில் கொடுக்க வழிசெய்த பகுதியை மட்டும் நீக்கி, மற்றபடி சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. 2013-இல் வந்த மத்திய நிலமெடுப்புச் சட்டத்திற்குப் பின் மறுபடியும் வழக்கு எழுந்தது. 2019-இல் உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டு, மாநில அரசு புதிதாய் இயற்றிய சட்டத்தால் உயிர் பெற்று, 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது.

இந்த வழக்கு வரலாற்றை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வழக்கு நடந்த காலமெல்லாம் நம் மக்கள் கையில் பட்டாத் தாள் இருந்தது; மனை இல்லை. விழா மேடையில் பட்டா வழங்கப்படும், படமும் எடுக்கப்படும். நிலவுடைமையாளர் தடையாணை பெற்றுவிடுவார். அல்லது தடையேதும் இல்லாமலே, மனைகளை அளந்து கல் நடுவதற்கு யாரும் வராமல் போவார்கள். வேறு சில ஊர்களில் மனையும் கிடைத்து, வீடும் கட்டி, இரண்டு தலைமுறை வாழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டா கிராமக் கணக்கில் ஏறியே இராது. அடுத்த திட்டத்திற்கு மனுச் செய்யும்போதுதான் கணக்கில் பழைய உடைமையாளர் பெயரே நீடிப்பது தெரியவரும். தாத்தா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அந்தத் தாளைப் பார்த்து எழுத்தர் உதட்டைப் பிதுக்குவார்.

இந்தக் குறை சிறியதன்று. வீட்டுத் திட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே மனை உள்ளவருக்கே வீடு தருகின்றன. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டமும், 2016-இல் அதன் இடத்தில் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டமும் அவ்வகையினவே. பின்னதில் சமவெளிப் பகுதிக்கு வகுத்த தொகை 1,20,000 ரூபாய். தமிழ்நாட்டில் கூரைக்கென்று மாநில அரசு தனியே பணம் சேர்த்துத் தந்தது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3,50,000 ரூபாய் என்று வகுத்தது. தொகை கூடியிருப்பது மகிழ்ச்சியே. ஆயினும் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கு எந்தத் தொகை கூடினாலும் எட்டாது. மிகவும் வறியவன் எவனோ அவனே வரிசைக்கு வெளியே நிற்கிறான்.

மனை கிடைத்தாலும், எப்படிப்பட்ட மனை என்று பார்க்க வேண்டும். ஊரில் யாரும் விலைக்குக் கேட்காத பள்ளம், ஏரியின் உபரிநீர் வழியும் ஓரம், சுடுகாட்டுப் பாதை ஆகியவையே நம் பங்கிற்கு ஒதுக்கப்படுகின்றன. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் பெருமழையில் உயர்ந்த மதில் சரிந்து, அதன் கீழிருந்த நம் மக்களின் வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் மாண்டனர். அந்த மதிலின் நிழலில் குடியிருக்க வேறு யார் ஒப்புவார்கள்?

1942 ஜூலையில் நாகபுரியில் நம் என். சிவராஜ் அவர்கள் தலைமையில் கூடிய மாநாடு, தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானித்தது. அண்ணல் அம்பேத்கர் முன்னின்று நடத்திய மாநாடு அது. அவர்கள் கேட்டது உழுவதற்கு நிலத்தோடு கூடிய கிராமம். நமக்குக் கிடைத்ததோ, நிலத்தை விட்டுவிட்டு, தனிமையை மட்டும் வைத்துக்கொண்ட காலனி. 1997-இல் தொடங்கிய சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 வீடுகள் ஆதிதிராவிடருக்கு என வைத்து எல்லாரையும் கலந்து குடியேற்றியது நல்ல முயற்சியே. ஆனால் அவை பழைய ஊருக்கு வெளியே எழுந்தவை. ஊர் ஊராகவே இருந்தது.

கட்டுமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய தொகுப்பு வீடுகளில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுவதை நீங்கள் அறிவீர்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அவர்கள் செங்கல்லை நெடுக்காக நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறையும். பூசாத சுவர் என்றால் நம் தாய்மார்கள் முகம் சுளிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மண்சுவரில் இருந்தவர்கள் மேலத்தெரு வீட்டைப் போல் ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு காண என்னால் இயலவில்லை. உள்ளே பூசிக்கொள்ளலாம்; சிக்கனம் பெரிதும் கெடாது.

இனி இளைஞர்களுக்கு. உங்கள் பாட்டனார் தாளைப் படிக்கத் தெரியாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உங்களுக்குப் படிக்கத் தெரியும். தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பட்டாவையும் கேட்டு வாங்கி, புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கணக்கில் அது ஏறியிருக்கிறதா, புல வரைபடத்தில் மனைப் பிரிவு காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையெனில் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் நில்லாது. மூன்று செண்ட் மனையில் மூன்று அடுப்பு எரிகிறது என்றால், மணமாகித் தனியே வாழும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியே மனைக்கு மனு எழுதுங்கள். மனைவியின் பெயரிலும் பட்டா இருக்கட்டும். மதுக்கடையில் அடகு போகாமல் பல வீடுகள் தப்பியது அதனால்தான்.

நம் சங்கத்தின் முன்னறை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு மேசையும் பெரிய பேரேடு ஒன்றும் போட்டு, தெருவாரியாக இந்தக் கணக்கை எழுதத் தொடங்கலாம். முதற்கட்டத்திற்கு நான்கு பேர் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்களைக் காணலாம்.